தேவதைகளிடம் பாடம் கேட்டவர், கடைசியில் புத்தகங்களை விற்றுச் சாப்பிட்டார்: யார் இந்த ஜான் டீ?

உலகம் அழிந்துவிட்டது. நகரங்கள் இடிந்து கிடக்கின்றன. பழைய காலத்து மந்திரங்களில் மிச்சம் இருப்பவை சில புத்தகங்கள் மட்டும்தான். அதில் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. உடனே திறந்து படிப்பீர்களா? பிரதி எடுத்து வைப்பீர்களா? இல்லை, யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பீர்களா?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுபவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டைஸ் உருட்டி, கதை சொல்லியே ஆடும் விளையாட்டு அது. இந்த வகைக்கு முன்னோடியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் வெளிவந்தது. அதில் மந்திரவாதி தன் புத்தகத்தைப் பார்த்துத்தான் மந்திரத்தை மனதில் ஏற்றிக்கொள்ள முடியும். ஒருமுறை பயன்படுத்தினால் மனதிலிருந்து போய்விடும். புத்தகம் தொலைந்தால் ஆட்டமே முடிந்த மாதிரிதான்.

இந்த விதி, ஜாக் வான்ஸ் 1950-ல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்தது. சூரியன் அணையப்போகும் கடைசிக் காலத்தில், மிஞ்சிய சில மந்திரங்களைப் பழைய நூல்களில் தேடும் மனிதர்களின் கதைகள் அவை. 1981-ல் வந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’ கேமில் விதி இன்னும் கடுமை. ரகசிய நூலைப் படித்தால் அறிவு கூடும், புத்தி பேதலிக்கும். அதில் வரும் மிகப் பிரபலமான நூல் ‘நெக்ரோனோமிகான்’. எழுத்தாளர் லவ்கிராஃப்ட்டின் கற்பனையில் பிறந்த அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவராக, அவர் ஒரு பெயரைச் சொல்லியிருப்பார்: ஜான் டீ.

நூல் கற்பனை. மொழிபெயர்ப்பாளர் கற்பனை அல்ல. கேம்களில் இன்று விதிகளாக இருக்கும் பல விஷயங்களை, 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிஜமாகவே வாழ்ந்து பார்த்தவர் அவர்.

பின்னணி என்ன?

ஜான் டீ 1527 ஜூலை 13-ம் தேதி லண்டனில் பிறந்தார். (குடிக்கிற டீ இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே இந்த டீ காலமாகிவிட்டார்.) அப்பா ரோலண்ட் டீ, வேல்ஸ் வம்சாவளியில் வந்த துணி வியாபாரி, 8-ம் ஹென்றி மன்னரின் அரண்மனையில் சிறிய பதவியும் வகித்தவர்.

15 வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் டீ. தினமும் 18 மணி நேரம் படிப்பு, தூக்கத்துக்கு 4 மணி நேரம் மட்டும் என்று தன் மாணவப் பருவத்தைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். கணிதம்தான் அவருடைய முதல் காதல்.

அந்தக் கணிதமே அவருக்கு முதல் கெட்ட பெயரையும் வாங்கித் தந்தது. கேம்பிரிட்ஜில் கிரேக்க நாடகம் ஒன்றை மேடையேற்றியபோது, ஒரு மனிதனைச் சுமந்துகொண்டு பெரிய வண்டு மேலே பறப்பது போன்ற காட்சியை இயந்திர நுட்பத்தால் செய்து காட்டினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் சூனியம் என்று கிசுகிசுத்தார்கள். அந்தக் கிசுகிசு கடைசி வரை அவரை விடவில்லை.

1548-ல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லூவேன் நகருக்குப் படிக்கப் போனார். உலக வரைபடத்துக்குப் பெயர்போன மெர்கேட்டர் அங்கே நண்பரானார். மெர்கேட்டர் செய்த இரண்டு உருண்டைகளும் அவர் கைக்கு வந்தன. 1550-ல் பாரிஸில் யூக்ளிட்டின் வடிவியல் பற்றி உரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 23.

ஜாதகம் பார்த்ததற்கு ஜெயில்

1555. மேரி ராணியின் ஆட்சிக்காலம். ராணிக்கும் அவருடைய தங்கை எலிசபெத்துக்கும் ஜாதகம் கணித்ததாக டீ கைதானார். ராணி எப்போது சாவார் என்று பார்த்ததாக அர்த்தம் கொள்ளப்பட்டால் அது ராஜதுரோகம். சூனியப் புகாரும் சேர்ந்துகொண்டது. சில மாத விசாரணைக்குப் பிறகு விடுதலையானார்.

வெளியே வந்தவர் அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் இந்த மனிதரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. ஊரை விட்டு ஓடவில்லை. 1556 ஜனவரியில், தன்னைச் சிறையில் வைத்த அதே ராணியிடம் ஒரு மனு கொடுத்தார். கேட்டது தனக்காக அல்ல, புத்தகங்களுக்காக.

புத்தகங்களுக்கு வந்த ஊழிக்காலம்

அந்த மனுவைப் புரிந்துகொள்ள 20 வருடம் பின்னால் போக வேண்டும். 1536 முதல் 1540 வரை, 8-ம் ஹென்றி இங்கிலாந்தின் கிறிஸ்தவ மடாலயங்களை ஒவ்வொன்றாக மூடினார். நிலமும் வெள்ளியும் மன்னருக்குப் போயின. பல நூறு வருடங்களாகத் துறவிகள் கையால் எழுதிச் சேர்த்த நூல்கள்? அவை யாருக்கும் வேண்டாம். மளிகைக் கடைகளில் பொட்டலம் மடிக்கவும், மெழுகுவத்தித் தண்டு தேய்க்கவும், பூட்ஸ் துடைக்கவும் போனதாக அந்தக் காலத்தவரே பதிவு செய்திருக்கிறார்கள்.

அச்சு வந்து சில காலமே ஆகியிருந்தது. பல நூல்களுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். அது கிழிந்தால் அந்த நூலே செத்ததாகத்தான் அர்த்தம்.

டீயின் திட்டம் எளிமையானது. நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூல்களைத் தேடிப் பிடிக்க ஒரு குழு வேண்டும். உரிமையாளர் தர மறுத்தால் இரவல் வாங்கி, பிரதி எடுத்து, திருப்பிக் கொடுத்துவிடலாம். வாட்டிகன், வெனிஸ் போன்ற இடங்களில் உள்ள அரிய நூல்களுக்கும் பிரதி வாங்கலாம். எல்லாவற்றையும் வைக்க ஓர் அரசு நூலகம். இன்றைய மொழியில் சொன்னால், நாட்டுக்கே ஒரு பேக்கப்.

அரசு அசைந்து கொடுக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார் டீ.

மார்ட்லேக் வீடும் 4,000 நூல்களும்

லண்டனை ஒட்டி, தேம்ஸ் நதிக்கரையில் இருந்தது மார்ட்லேக் கிராமம். அங்கே அம்மாவின் வீட்டில் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவருடைய சொந்தக் கணக்குப்படி அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளுமாகச் சுமார் 4,000. பல்கலைக்கழக நூலகங்களிலேயே சில நூறு நூல்கள் இருந்த காலம் அது. கணிதம், கடல் பயணம், மருத்துவம், ரசவாதம், ஜோதிடம் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

விஞ்ஞானத்துக்கும் மந்திரத்துக்கும் இடையே இன்று நாம் போடும் கோடு அப்போது கிடையாது. கோள்களைக் கணிப்பவரே ஜாதகமும் எழுதினார். உலோகத்தை உருக்கியவரே தங்கம் செய்யவும் முயன்றார். 1570-ல் யூக்ளிட்டின் நூல் முதன்முதலாக ஆங்கிலத்தில் வந்தபோது, கணிதத்தால் தச்சருக்கும் மாலுமிக்கும் என்ன லாபம் என்று விளக்கி நீண்ட முன்னுரை எழுதியவர் டீ. தன்னை மந்திரவாதி என்று தூற்றுவதைப் பற்றி அதே முன்னுரையில் புலம்பவும் செய்தார்.

எலிசபெத் ராணியானபோது, முடிசூட்டு விழாவுக்கு நாள் குறித்துக் கொடுத்தவரும் டீதான்: 1559 ஜனவரி 15. வட துருவம் வழியாக ஆசியாவுக்குப் பாதை தேடிய மாலுமிகளுக்கு அவர் பாடம் எடுத்தார். கடல் தாண்டிய நிலங்களுக்கு இங்கிலாந்து உரிமை கொண்டாடலாம் என்று வாதாடினார். பிரிட்டிஷ் பேரரசு என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவரே.

1575 மார்ச்சில் ராணியே பரிவாரத்தோடு நூலகத்தைப் பார்க்க வந்தார். ஆனால் டீயின் மனைவியை அடக்கம் செய்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட ராணி உள்ளே நுழையவில்லை. டீயிடம் இருந்த விந்தையான கண்ணாடி ஒன்றை வெளியே கொண்டுவரச் சொல்லி, பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

விதி 1: கிடைத்தால் உடனே பிரதி எடு

1563-ல் ஆண்ட்வெர்ப் நகரில் டீயின் கண்ணில் ஒரு பொக்கிஷம் பட்டது. ஜெர்மானிய மடாதிபதி டிரிதீமியஸ் எழுதிய ‘ஸ்டெகனோகிராஃபியா’. ஆவிகளை ஏவித் தொலைதூரத்துக்குச் சேதி அனுப்புவது எப்படி என்று சொல்லும் நூல். அச்சில் வராதது. ஆயிரம் பொற்காசு கொடுப்பதாகச் சொன்னவர்களுக்கும் கிடைக்காதது என்று லண்டனில் இருந்த அமைச்சர் வில்லியம் செசிலுக்கு டீ கடிதம் எழுதினார். 10 நாள் ராப்பகலாக உட்கார்ந்து பாதி நூலைக் கையாலேயே எழுதி முடித்திருந்தார். மீதியும் கிடைக்க, நூலை வைத்திருந்த ஹங்கேரியப் பிரபு ஒருவருக்கு வேலை செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார்.

ட்விஸ்ட் என்னவென்றால், அது மந்திர நூலே கிடையாது. ஆவிகளின் பெயர்களும் மந்திரங்களும் வெறும் போர்வை. உள்ளே இருந்தது ரகசிய எழுத்துக் கலை, அதாவது இன்றைய என்கிரிப்ஷனின் கொள்ளுத் தாத்தா. 1606-ல் நூல் அச்சானபோது முதல் இரண்டு பாகங்களின் ரகசியம் வெளியானது. மூன்றாம் பாகத்தின் பூட்டு 1990-களில்தான் உடைந்தது.

விதி 2: படித்தால் என்ன விலை?

டீயைத் தூங்கவிடாமல் செய்த இன்னொரு நூல், ‘சோய்கா’. அதில் 36 பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்துக்கு 36 வீதம் எழுத்துகள் நிரம்பிக் கிடக்கும். என்ன சொல்ல வருகிறது என்று யாருக்கும் புரியாது. இந்த நூலைப் படித்து அறிந்தால் இரண்டரை வருடத்துக்குள் மரணம் என்று வேறு டீயிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

1582 மார்ச்சில் எட்வர்ட் கெல்லி என்ற இளைஞர் மார்ட்லேக்குக்கு வந்தார். மை போட்டுப் பார்ப்பது என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி: ஸ்படிகக் கல்லை உற்றுப் பார்த்து, அதில் தேவதைகள் தெரிவதாகச் சொல்வார் கெல்லி. கேட்டதை வரி விடாமல் எழுதிக்கொள்வார் டீ. டீயின் கண்ணுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரிந்ததில்லை. அவர் முழுமையாக நம்பினார். கெல்லி நம்பினாரா, நடித்தாரா என்பது 400 வருடங்களுக்கு மேலாக நடக்கும் விவாதம்.

கெல்லியோடு நடந்த முதல் அமர்விலேயே டீ கேட்டது சோய்காவைப் பற்றித்தான். சொர்க்கத்தில் ஆதாமுக்கு அருளப்பட்ட நூல் அது, மிகாயேல் தேவதையால் மட்டுமே விளக்க முடியும் என்று பதில் வந்தது. மரண பயம் வேண்டாம், நூறு வயதுக்கு மேல் வாழ்வாய் என்றும் சொல்லப்பட்டது. அடுத்த வருடமே அந்த நூல் காணாமல் போனது. 1595-ல்தான் திரும்பக் கிடைத்தது.

தேவதைகள் தந்ததாகச் சொல்லப்பட்ட மொழி இன்று ஏனோக்கியன் என்று அழைக்கப்படுகிறது. அதன் சில மந்திரங்களை, நேராகச் சொன்னால் சக்தி கிளம்பிவிடும் என்று, எழுத்து எழுத்தாகத் தலைகீழாகச் சொல்லி எழுத வைத்தார் கெல்லி. மந்திரத்தைக் கையாள எச்சரிக்கை வேண்டும் என்ற கேம் விதியை டீ கேட்டால் சிரித்திருக்க மாட்டார்.

விதி 3: புத்தகத்தை விட்டுவிட்டுப் போகாதே

1583 செப்டம்பரில் டீயும் கெல்லியும் குடும்பங்களோடு, போலந்துப் பிரபு ஒருவருடன் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். புறப்படுவதற்கு சில நாள் முன்பு டீ தன் நூலகத்துக்கு முழுப் பட்டியல் தயாரித்தார். சில நூறு நூல்களை மட்டும் மூட்டை கட்டினார். வீட்டையும் மிச்ச நூல்களையும் மைத்துனர் பொறுப்பில் விட்டார்.

வாழ்க்கையில் அவர் எடுத்த மிக மோசமான முடிவு இது.

பிராகில் 2-ம் ரூடால்ஃப் பேரரசரைச் சந்தித்தார். பாவங்களை விட்டுத் திருந்தச் சொல்லி தேவதைகள் சேதி அனுப்பியிருப்பதாகப் பேரரசரின் முகத்துக்கு நேராகவே சொன்னார். பேரரசர் அதை ரசிக்கவில்லை. போப்பாண்டவரின் தூதரும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். 1586 ஏப்ரலில் தேவதைகளின் கட்டளை என்று கெல்லி சொல்ல, தேவதைகளோடு பேசியதையெல்லாம் எழுதிவைத்திருந்த 28 தொகுதிகளை டீ நெருப்பில் போட்டார். அதே மாத இறுதியில் அவற்றில் சில, தோட்டத்தில் ஒரு பாதாம் மரத்தடியில் சேதமில்லாமல் கிடைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். அற்புதம் என்று அவர் நினைத்தார். முதலிலேயே யாரோ ஒளித்து வைத்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம்.

அடுத்த மாதமே பேரரசரின் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற உத்தரவு வந்தது. ரோசன்பெர்க் பிரபு அடைக்கலம் தந்தார். 1587-ல், மனைவிகள் உட்பட எல்லாமே இருவருக்கும் பொது என்று தேவதை சொன்னதாகக் கெல்லி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மிகுந்த வேதனையோடு டீ தம்பதியர் ஒப்புக்கொண்டார்கள். நட்பு அதோடு உடைந்தது. கெல்லி பின்னால் ரூடால்ஃபிடம் தங்கம் செய்து தருவதாகச் சேர்ந்து, பட்டமும் வாங்கி, கடைசியில் சிறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது வீட்டில் என்ன இருந்தது?

1589 டிசம்பரில் டீ ஊர் திரும்பினார். நூலகம் சூறையாடப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான நூல்கள் இல்லை. மெர்கேட்டர் உருண்டைகள் இல்லை. ஐந்தடி நீள வானியல் கருவி ஒன்று சுத்தியலால் உடைக்கப்பட்டிருந்தது.

மந்திரவாதியின் வீடு என்று ஊர் மக்கள் கும்பலாக வந்து கொளுத்தினார்கள் என்றொரு கதை பல நூல்களில் உண்டு. ஆதாரங்கள் வேறு திசையைக் காட்டுகின்றன. மைத்துனர் சிலவற்றை விற்றார். நிக்கலஸ் சாண்டர் என்பவர் கைக்கும் ஏராளமான நூல்கள் போயின. அவற்றில் இருந்த டீயின் கையெழுத்தைச் சுரண்டியும் கழுவியும் அழித்து, மேலே தன் பெயரை எழுதியிருக்கிறார். ஆனால் சரியாக அழியவில்லை. இன்றும் உற்றுப் பார்த்தால் அடியில் டீயின் பெயர் தெரிகிறது.

கடைசி நாட்கள்

1590-களின் நடுவில் மான்செஸ்டர் கல்லூரி ஒன்றின் தலைவர் பதவி கிடைத்தது. சம்பளம் குறைவு, சண்டை அதிகம். 1603-ல் எலிசபெத் இறந்தார். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ், பேய் பிசாசுகளை எதிர்த்துப் புத்தகமே எழுதிய மன்னர். 1604-ல் டீ அவரிடம் ஒரு விசித்திரமான மனு கொடுத்தார். தன்னை மந்திரவாதி என்கிறார்களே, வெளிப்படையாக வழக்கு நடத்தி விசாரியுங்கள், நிரூபணமானால் தண்டனை கொடுங்கள் என்று. வயது அப்போது 76. மன்னர் கண்டுகொள்ளவில்லை.

1605-ல் மான்செஸ்டரில் பிளேக் வந்தது. மனைவி ஜேன் இறந்தார். மார்ட்லேக்குக்குத் திரும்பிய டீயை மகள் கேத்தரின் பார்த்துக்கொண்டார். வருமானம் கிடையாது. அலமாரியில் மிஞ்சியிருந்த நூல்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டார்கள். ஒரு காலத்தில் பாதி நூலுக்காக 10 நாள் கண்விழித்தவர்.

1608 டிசம்பரிலோ 1609 மார்ச்சிலோ அவர் இறந்தார். வயது 81. இரண்டரை வருடத்தில் சாவு என்ற எச்சரிக்கையும் பலிக்கவில்லை. நூறு வயது என்ற வாக்கும் பலிக்கவில்லை.

பெட்டிக்குள் கேட்ட சத்தம்

டீ இறந்து அரை நூற்றாண்டு கழிந்தது. லண்டனில் இனிப்புக் கடை வைத்திருந்த ஜோன்ஸ் தம்பதியர் பழைய மரப்பெட்டி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார்கள். 1662 வாக்கில் அதை நகர்த்தும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம். தேடினால், அடியில் ஒரு ரகசிய அறை. அதற்குள் டீயின் கையெழுத்தில் கட்டுக்கட்டாகக் காகிதங்கள். தேவதைகளோடு பேசியதாக அவர் எழுதிய குறிப்புகள்!

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சமையல்காரப் பெண் அவற்றை ‘பை’ பலகாரத்துக்கு அடியில் விரிக்க எடுத்துக்கொண்டார். பாதி போன பிறகுதான் மீதியைப் பத்திரப்படுத்தினார்கள். 1666-ல் லண்டன் தீப்பற்றி எரிந்தபோது பெட்டி சாம்பலானது. திருமதி ஜோன்ஸ் காகிதங்களை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறியிருந்தார். 1672-ல் எலியாஸ் ஆஷ்மோல் என்ற சேகரிப்பாளர், தான் எழுதிய நூல் ஒன்றைக் கொடுத்து அந்தக் கட்டுகளை வாங்கிக்கொண்டார்.

இணையத்தில் சுற்றும் கதைகள் உண்மையா?

ராணிக்கு எழுதிய ரகசியக் கடிதங்களில் டீ 007 என்று கையெழுத்திட்டார், ஜேம்ஸ் பாண்ட் எண் அங்கிருந்துதான் வந்தது என்கிறார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது. யாராலும் படிக்க முடியாத வாய்னிச் கையெழுத்துப் பிரதியை ரூடால்ஃபுக்கு விற்றவர் டீ என்பதும் வெறும் ஊகமே. ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் புத்தகங்களால் சக்தி பெறும் பிராஸ்பெரோ, டீயை மனதில் வைத்து உருவானவர் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதுவும் நிரூபணமானதில்லை.

நூல்கள் இப்போது எங்கே?

சாண்டரிடம் போனவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் நூலகத்தில் உள்ளன. 2016-ல் அவை கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. சிசரோவின் நூல் ஒன்றின் ஓரத்தில் டீ வரைந்த பாய்மரக் கப்பல் அதில் பலரையும் கவர்ந்தது. டீயுடையது என்று சொல்லப்படும் கறுப்புக் கண்ணாடி பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் பச்சுகா பகுதி எரிமலைக் கல்லில் அஸ்டெக் மக்கள் செய்தது அது என்று 2021-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள்.

தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட சோய்காவின் இரண்டு பிரதிகளை 1994-ல் வரலாற்றாய்வாளர் டெபோரா ஹார்க்னெஸ் கண்டுபிடித்தார். அவை நூலகப் பட்டியல்களில் ‘அல்டராயா’ என்ற வேறு பெயரில் இருந்தன. பிறகு கணித ஆய்வாளர் ஜிம் ரீட்ஸ், அந்த 36 கட்டங்களும் ஒரு குறிப்பிட்ட கணக்கு விதிப்படி நிரப்பப்பட்டவை என்று காட்டினார். டீ கடைசி வரை தேவதைகளிடம் கேட்டுக்கொண்டிருந்த பதில், அவருக்கு நன்றாகத் தெரிந்த கணிதத்துக்குள்ளேயே இருந்தது.

டீ 1556-ல் கேட்ட அரசு நூலகம்? அது வர 197 வருடங்கள் ஆயின. 1753-ல் பிரிட்டிஷ் மியூசியத்தை நிறுவ நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கு அடித்தளமாக அமைந்த ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பில், சமையலறையிலும் தீயிலும் தப்பிய அந்தக் காகிதக் கட்டுகளும் இருந்தன. இன்று அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக உள்ளன.